இல்லமும் பழமரப் பொருள்களும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதன என்பர். உறையுளைக் கட்டி முடித்த பின்னர் அதனை வாழ்தற்குரியதாக்குவன அதனுள் இடப்படும் கட்டிலும் பலகையும் பெட்டகமும் பிறவுமேயாம். சுவர் நம்மை வெயிலினின்றும் மழையினின்றும் காக்கின்றது. எனினும் நம் உடல் நாள்தோறும் தொட்டுப் பழகுவது நாற்காலியின் கையையும் மேசையின் விளிம்பையும் கட்டிலின் சட்டத்தையுமே. ஆதலின் வீட்டிற்கு மரப்பொருள் தேர்தல் அற்பமான காரியமன்று. அவற்றுள்ளும் முன்னோர் காலத்துப் பழம்பொருள்களைத் தேடி வாங்கி இல்லத்தை அணி செய்யும் வழக்கம் நம் நாட்டில் பெருகி வருகின்றது. அவ்வழக்கத்தின் நன்மை தீமைகளைப் பற்றி மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் சிறிது சிந்தித்தல் நலமென்று கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

விழுப்புரத்தாரும் திண்டிவனத்தாரும் இதனைச் சிந்தித்தற்குத் தனிக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து வரும் பெருஞ்சாலை திண்டிவனத்திலே பிரிந்து ஒரு கிளை புதுச்சேரிக்குச் செல்கின்றது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை 1879-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. இரண்டூரிலிருந்தும் புதுச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த அந்நகரில், ஐரோப்பியர் காட்டிய மாதிரியை நோக்கித் தமிழ்த் தச்சர் நம் நாட்டு மரத்தில் நாற்காலியும் மேசையும் கட்டிலும் செய்தளித்தனர். இன்று அந்நகரிலிருந்து ஆரோவில் செல்லும் வழியிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் பழைய மரப்பொருள் விற்கும் கடைகளைக் காணலாம். அங்கே வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் கதவுகளும் தூண்களும் பெட்டகங்களும் யாவும் பிரெஞ்சுக்காரர் மாளிகையிலிருந்து வந்தனவல்ல. சில செட்டிநாட்டிலிருந்து வந்தவை. வேறு சில நம்மூர்களை ஒத்த ஊர்களில் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடிவீடு கட்டியோர் எடைக்கோ அற்ப விலைக்கோ தள்ளிவிட்டவை. இங்கே விறகென்று கழிக்கப்பட்டது 40 கிலோமீட்டர் கடந்தவுடன் கலைப்பொருளாகி விடுகின்றது! அதனையே பின்னர் நம் பிள்ளைகள் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கி வருதலும் உண்டு.

ஆகவே என் அபிப்பிராயம் இது: பழமை என்னும் ஒன்றையே கருதி எப்பொருளையும் வாங்கலாகாது, பழமை என்னும் ஒன்றையே கருதி எப்பொருளையும் தள்ளவும் ஆகாது. நம் இல்லத்திற்கும் வாழ்க்கை முறைக்கும் பொருந்துவது, வந்த வழி தெரிந்தது, செப்பமிட்டுப் பயன்படுத்தத் தக்கது ஆகிய மூன்று தகுதியும் உடையதையே கொள்ளல் வேண்டும். அத்தகைய பொருளைத் தேடுவோர் கடைக்குப் புறப்படுமுன் தம் வீட்டுப் பரணை ஒருமுறை ஏறிப் பார்த்தல் வேண்டும்.

இனி, பழமை என்பது யாது? அமெரிக்க நாட்டார் 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் 1830-க்கு முற்பட்டவையே தொன்மைப் பொருள் என வரையறுத்தனர். 1966-இல் அதனை மாற்றி நூறாண்டு நிரம்பிய பொருள் எனக் கொண்டனர். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள்கள், கலைச்செல்வங்கள் பற்றிய சட்டமும் சிற்பம், ஓவியம், கைவினை முதலியவற்றிற்கு நூறாண்டு என்னும் எல்லையையே கொண்டுள்ளது. நூறாண்டு நிரம்பாத, ஆனால் தன் காலத்துச் சாயலை நன்கு காட்டும் பொருள்களைப் பழம்பாணிப் பொருள் என்னலாம். நம் பாட்டனார் காலத்துச் சாய்வு நாற்காலியும் பள்ளிக்கூடத்துப் பழைய பெஞ்சும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஆனால் வயது மட்டுமே மதிப்பாகாது. வயதே மதிப்பாயின் வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாய்க் கிடக்கும் மரங்களுக்கு இணையான பொருள் உலகில் எங்கே உண்டு? ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என நிலவியலார் கூறும் அம்மரங்களைப் பிரெஞ்சு இயற்கைநூலார் சொன்னெரா 1781-லேயே கண்டு குறித்தார். எனினும் அவற்றின்மேல் யாரும் படுத்துறங்க விரும்பார். அதற்கு நேர்மாறாக விழுப்புரத்திற்கு வடமேற்கே மண்டகப்பட்டிலுள்ள குடைவரையை எண்ணுக. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி இக்கோயிலை ஆக்கினேன் என்று முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் அங்கே கல்வெட்டில் பொறித்தான். மரத்தை விலக்கியதையே ஒரு சிறப்பாக அரசன் கூறினான் எனின், அவன் காலத்துக் கட்டடங்களில் மரம் எத்துணைப் பெருவழக்காயிருந்ததென்பதும், அது எத்துணை எளிதில் அழிவதென்பதும் விளங்கும். கல் தானே நிற்கும். மரமோ எவரேனும் பேணினாலன்றி நில்லாது. நூறாண்டு கடந்த ஒரு மரப்பெட்டகத்தை நாம் காணும்போது நல்ல மரத்தையும் நல்ல தச்சனையும் மட்டுமல்ல, அதனைத் துடைத்துக் காத்த மூன்று நான்கு தலைமுறைகளையும் காண்கின்றோம்.

நிற்க. நம் முன்னோர் இல்லங்களில் எவை இருந்தன என்பதையும் அறிதல் வேண்டும். பெரும்பான்மையோர் தரையிலமர்ந்து உண்டு, பாயில் உறங்கினர். கட்டில் என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே உண்டு. மணையும் முக்காலியும் ஊஞ்சற்பலகையும் தொட்டிலும் கணக்குப்பெட்டியும் வீட்டிற்கேற்ப இருந்தன. ஆனால் மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் என நாம் இன்று தமிழ்போலவே வழங்கும் சொற்கள் போர்ச்சுகீசியர் மொழியிலிருந்து வந்தவை. சொல் வந்த வழியே பெரும்பாலும் பொருளும் வந்தது. அதற்கு ஈடாகத் தேக்கு என்னும் நம் நாட்டுச் சொல் போர்ச்சுகீசியர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. ஆதலின் மரப்பொருளில் இது தூய நம்மவருடையது, இது முற்றும் அயலாருடையது என வேலி கட்டுதல் வீண். புதுச்சேரியில் 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் நம் நாட்டு மரத்தூணும் ஐரோப்பியப் பாணியும் ஒரே கூரையின்கீழ் இயைந்து நிற்கின்றன. இயைபே வேண்டுவது, இனத்தூய்மையன்று.

இவ்வியைபைக் காண முதலில் வேண்டுவது அளவுகோல். பழைய பெட்டகங்களும் தூண் நிறுத்திய கட்டில்களும் உயர்ந்த கூரையும் அகன்ற கூடமும் உடைய வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஏழடிக் கட்டிலை இட்டால் அறை கட்டிலுக்கு உறையாகுமேயன்றி மனிதர்க்கு உறையுளாகாது. வாங்குமுன் வாயிற்கதவின் அகலம், படிக்கட்டின் திருப்பம், கூரையின் உயரம், பொருளின் நீள அகலம் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் குறித்துக் கொள்க. தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, அவ்வெல்லையைச் சுற்றி இரண்டு நாள் நடந்து பார்க்க. கால் இடறுமாயின் அப்பொருள் வேண்டா. ஓர் அறைக்குச் சிறந்த பழம்பொருள் ஒன்று போதும். பத்துப் பொருள்களை அடைத்தால் வீடு கடையாய் விடும். சிறிய வீட்டினர் பெரும் பெட்டகத்திற்கு ஏங்காது ஒரு கணக்குப்பெட்டியையோ முக்காலியையோ சாய்வு நாற்காலியையோ நாடுவது அறிவுடைமை. அளவும் பாணியும் கண்ணுக்குப் பழக வேண்டுவோர் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் டூப்ளே துரை துயின்றதாகக் கூறப்படும் கட்டில் முதலியவற்றை முதலில் கண்டு வருதல் நன்று.

இரண்டாவது வேண்டுவது மர அறிவு. உள்ளே வைரமுடையதை மரமென்றும் புறத்தே வைரமுடையதைப் புல்லென்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கின்றது. அவ்வுள்வைரமே நாம் தேட வேண்டுவது. தேக்கின் வைரத்தில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருத்தலால் கரையான் அதனை எளிதில் அணுகாது. அம்மரத்தின் வெளிறான புறப்பகுதிக்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே “தேக்கு” என்னும் பெயரை மட்டும் கேட்டு மயங்கலாகாது. பலா பொன்னிறமாய்த் தொடங்கி ஆண்டு செல்லச் செல்லப் பழுப்பேறும். பூவரசும் வேம்பும் வாகையும் நம் பக்கத்து எளிய வீடுகளுக்கு உழைத்த மரங்கள். புளியங்காடு என்னும் பொருளுடைய திந்திரிணிவனம் என்பதே திண்டிவனம் என மருவிற்று என்பர். அப்புளியமரத்தின் வைரம் உலக்கைக்கும் செக்கிற்கும் உதவிய வன்மையுடையது. தேக்கன்று என்பதனால் ஒரு பொருள் இழிந்ததாகி விடாது.

மூன்றாவது, மெய்யும் பொய்யும் பகுத்தறிதல். புதிய பலகைக்குச் சாயமேற்றிப் பழையதென விற்பாரும் உளர். முகப்பைப் பாராது முதுகைப் பார்த்தல் வேண்டும். இழுப்பறையை வெளியே உருவி அதன் அடிப்புறத்தை நோக்குக. பழைய தச்சர் கண்ணுக்குத் தெரியாத இடத்தை அவ்வளவாக இழைக்கமாட்டார். அங்கே கைவாளின் கோடுகள் ஒழுங்கின்றி நேராக ஓடும். வட்டமான இயந்திர வாளின் கோடுகளோ வில்போல் வளைந்திருக்கும். மூலைகளை ஆணியால் தைத்திருக்கின்றார்களா, புறாவின் வாலைப்போல் விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றார்களா என்று பார்க்க. கூட்டற்குறி போன்ற வாயுடைய திருகாணி 1930-களில் அமெரிக்காவில் தோன்றிப் பின்னர் உலகெங்கும் பரவியது. இருநூறாண்டுப் பழமை கூறப்படும் பொருளில் அத்தகைய ஆணிகளே எங்கும் இருப்பின், அது புதிதாகச் செய்ததோ பின்னர்ப் பிரித்துக் கூட்டியதோ ஆதல் வேண்டும். மற்றுமோர் அடையாளம் வியப்பானது. மரம் தன் நாரின் நீளவாக்கில் சுருங்குவது மிகச் சிறிது. குறுக்குவாக்கில் சுருங்குவது அதிகம். ஆகையால் நன்கு பழகிய வட்டமேசையைக் கயிறு கொண்டு இருபுறமும் அளந்தால் ஒரு புறம் சிறிது குறைந்திருக்கும். காலம் பொய் சொல்வதில்லை. கடைக்காரர் சொல்லைவிட அக்கயிற்றின் சொல் உறுதியானது.

உளுத்த மரத்தையும் கண்டறிய வேண்டும். சிறு துளைகள் இருப்பதனால் மட்டும் அஞ்ச வேண்டா. அவை என்றோ வண்டு வெளியேறிய வழியாக இருக்கலாம். துளையின் கீழே புதிய மாவுத்தூள் உதிர்ந்திருப்பின் வண்டு இன்னும் உள்ளேயே உண்டு. அதனை மருந்திட்டுத் தீர்க்காமல் வீட்டினுள் கொணர்ந்தால் ஏனைய மரங்களும் கெடும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தை மிகக் குறைந்த அளவிற்கு மேல் சேர்க்கலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரிலேதான் நடைமுறைக்கு வந்தது. ஆதலால் வண்ணம் பூசிய பழந்தொட்டிலைக் குழந்தைக்கு இடுவதும், பழைய வண்ணத்தை வீட்டினுள்ளேயே தேய்த்துத் தூளாக்குவதும் தகாது.

நம் பகுதியின் வானிலையையும் நினைவிற் கொள்க. ஐப்பசி கார்த்திகையில் ஈரக்காற்று. சித்திரை வைகாசியில் தீக்காற்று. மரம் இவ்விரண்டிற்கும் உப்பியும் சுருங்கியும் மூச்சு விடுகின்றது. சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கிடை விட்டு வைத்தலும், நேர்வெயிலும் குளிர்சாதனக் காற்றும் மேலே படாது காத்தலும் வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தென்பெண்ணை பெருகி விழுப்புர மாவட்டத்து ஊர்களுக்குள் புகுந்ததையும் நாம் மறந்திலோம். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை நீரில் ஊறினால் உப்பி உதிர்ந்து போகும். முழுமரத்தால் கோத்துச் செய்த பொருளோ, சேற்றைக் கழுவி நிழலில் மெல்ல உலர்த்தினால் பெரும்பாலும் மீண்டும் பயன்படும்; தளர்ந்த மூட்டைத் தச்சர் இறுக்கித் தருவார். மலிவென்று வாங்கியதை வெள்ளந்தோறும் மாற்றுவோர் மலிவாக வாங்கியவராகார்.

நான்காவதாகக் கூறுவது மனச்சான்றைப் பற்றியது. தேரிலிருந்து பெயர்த்த சிற்பம், கோயில் வாகனத்தின் உறுப்பு, மண்டபத்துக் கதவு என்பன வீட்டுச் சுவரில் அழகாக இருக்கலாம். அவை பொதுவுடைமை, ஊரார் வழிபட்டவை. அவற்றை விற்றவனுக்கு விற்கும் உரிமை உண்டோ என வினவாது வாங்குபவன் களவுக்குப் பின்வாயிலைத் திறந்து விடுகின்றான். மேற்கூறிய 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொன்மைப் பொருள் விற்போர் உரிமம் பெறவேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்புதல் கூடாது. யானைத்தந்தம் இழைத்த பழம்பெட்டிகளையும் ஆசைப்பட்டு வாங்கலாகாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986, 1991-ஆம் ஆண்டுகளில் செய்த திருத்தங்கள் தந்த வாணிகத்தை அறவே தடுத்துவிட்டன. வந்த வழி கூறப்படாத பொருள் எத்துணை அழகியதாயினும் நம் வாயிலைக் கடத்தல் தகாது.

இதற்குச் சிலர் மறுப்புக் கூறுவர். “பழைய மேசை நாற்காலிகளை ஏன் போற்றவேண்டும்? அவை பண்ணையார்களும் அதிகாரிகளும் அமர்ந்தவையல்லவோ? அவற்றின்முன் எத்தனை ஏழைகள் கைகட்டி நின்றனரோ!” என்பர். இம்மறுப்பை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். முன்னாளில் யார் அமரலாம், யார் நிற்கவேண்டும், யார் திண்ணையேறலாம், யார் தெருவிலேயே நிற்கவேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு கொடிய இலக்கணம் இருந்தது. நாற்காலியும் அவ்விலக்கணத்தில் ஓர் எழுத்தாய் நின்றது. அதனை மறைத்துவிட்டுப் பழங்காலமெல்லாம் பொற்காலம் என்று பாடுவது பொய்யாகும். எனினும் பிழை செய்தது மரமன்று. அதனைச் செதுக்கிய தச்சனும் பலவேளை அதில் அமரப்பெறாதவனே. அவன் கைத்திறனை எரித்துவிடுவதனால் நீதி கிடைத்துவிடாது. அன்று ஒருவன் மட்டும் அமர்ந்த நாற்காலியில் இன்று யாவரும் அமர்வதே அதற்குத் தக்க கழுவாய்.

இதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு சான்று உண்டு. முரசிற்கென அமைந்த கட்டிலில், அதன் பெருமை அறியாது களைத்துக் கண்ணயர்ந்தார் மோசிகீரனார். அச்செயல் தண்டத்திற்குரியதாயினும் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடாது விசிறியை எடுத்தான். கட்டிலினும் அதில் துயில்பவனே பெரியன் என்று அவ்வரசன் கண்டான். பழம்பொருளால் வீட்டை நிரப்பி, “தொடாதே, அமராதே” என்று குழந்தைகளையும் விருந்தினரையும் விரட்டுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. அமரக்கூடாத நாற்காலி வீட்டுப் பொருளன்று.

பழம்பொருள் செல்வர்க்கே உரியது என்பாரும் உளர். கடையில் வாங்குவதாயின் அது ஓரளவு மெய்யே. ஆனால் பரணிலும் மாட்டுத்தொழுவத்தின் மூலையிலும் கிடக்கும் கால் உடைந்த முக்காலிக்கும் பிரம்பறுந்த நாற்காலிக்கும் விலை யாது? பிரம்பு பின்னுவோருக்கும் தச்சருக்கும் கொடுக்கும் கூலியே. அக்கூலி ஒரு கைத்தொழிலை உயிரோடு வைக்கின்றது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியின் மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய கைவல்லோர் அண்மையில் இருக்க, அவர்க்கு வேலை கொடாது பொருளைக் கழிப்பது இரட்டை நட்டமாகும்.

முடிவாக மூன்று வேண்டுகோள். மாணவர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டிலுள்ள பழைய மரப்பொருள் ஒவ்வொன்றையும் பற்றிப் பாட்டியாரிடம் கேளுங்கள். யார் செய்தார், எந்த மரம், எந்தத் திருமணத்திற்கு வந்தது என்பதை ஒரு சிறு தாளில் எழுதி அப்பொருளின் அடிப்புறத்தில் ஒட்டுங்கள். அவர் மறைந்தபின் எந்தக் கடைக்காரரும் அதனை உங்களுக்குச் சொல்ல இயலாது. பழைய மாணவர்காள்! புதுவீடு கட்டும்போது பழைய வீட்டின் ஒரு கதவையோ தூணையோ புதியதில் அமைக்க இடமுண்டா என்று, வீட்டைப் பிரிக்குமுன் தச்சரைக் கேளுங்கள். பிரித்தபின் கேட்பதில் பயனில்லை. கல்வி நிலையங்களை நடத்துவோர்க்கும் ஒரு சொல். பழுதான பெஞ்சுகளையும் மேசைகளையும் ஏலத்திற்கு அனுப்புமுன், செப்பமிடத் தக்கவை எவை எனப் பிரித்து ஒரு பட்டியல் எடுத்தல் நன்று. பல தலைமுறை மாணவரின் முழங்கை தேய்ந்த பலகைக்கு இணையான மெருகை எந்தக் கடையும் தரமாட்டாது.

பழையதைப் பழமைக்காக வணங்காமலும், புதியதைப் புதுமைக்காகப் பற்றாமலும், பொருந்துவதைத் தேர்ந்து, உள்ளதைப் பேணி, வந்தவரை அமரச் செய்து வாழ்வோமாக!